இலியடா, ஒடிசியா: குடும்ப ஆலோசனை அறைக்கு எந்தக் கதை?

ஒரு குடும்பம் தன் சொந்தக் கதையை நேராகப் பேச முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது, பிறர் கதை ஒன்றை நடுவில் வைத்து அதைச் சுற்றிப் பேசவைப்பது ஆலோசகர்களுக்குப் பழக்கமான வழி. மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளே அவர்களைக் கட்டிப்போடுகின்றன என்றும், அக்கதைகளை வேறுவிதமாகச் சொல்லப் பழக முடியும் என்றும் குடும்பச் சிகிச்சையாளர்களான ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1980களிலிருந்து எழுதி வந்தார்கள். அந்த எண்ணத்தை ஏற்றுக்கொண்ட ஒருவருக்கு ஹோமரின் பெயரால் வழங்கும் இரண்டு கிரேக்கக் காவியங்கள் வெறும் பழைய இலக்கியமாகத் தெரியமாட்டா. குடும்பச் சண்டைகளின் களஞ்சியமாகவே தெரியும். ஆனால் இரண்டையும் ஒரே குடும்பத்தின்மேல் கொட்ட முடியாது. இலியட் ஏறத்தாழ 15,700 அடிகள், ஒடிசி ஏறத்தாழ 12,100 அடிகள். ஓர் அமர்வு ஒரு மணி நேரம். ஆகவே எதை எடுப்பது, அதில் எந்தக் காட்சியை எடுப்பது, எதை எடுக்கவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டு காவியங்களின் முதற்சொல்லே அவற்றின் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்ட போரைப் பாடும் இலியடின் முதற்சொல், கிரேக்க மூலத்தில், சினம். அப்போரிலிருந்து ஒடிசியஸ் வீடு திரும்புவதைப் பாடும் ஒடிசியின் முதற்சொல் மனிதன். சினத்தைப் பாடு என்று தொடங்கும் காவியத்தில் அந்தச் சினமே தனியொரு பாத்திரம்போல் நடமாடி, யார் யாரையோ இரையாக்கிவிட்டு, கடைசியில்தான் அடங்குகிறது. ஆளையும் பிரச்சினையையும் ஒன்றாகப் பிணைத்துப் பேசாமல் பிரச்சினைக்குத் தனிப் பெயர் கொடுத்துப் பேசுவது வைட்டின் முறையில் அடிப்படையானது. அதைச் செய்துகாட்ட இலியடைவிட வசதியான நூல் எளிதில் கிடைக்காது. உயிர்த்தோழனை இழந்தபின் கிரேக்கரின் தலைசிறந்த வீரன் அக்கிலிஸ் தன் தாய் தெட்டிஸிடம், சினம் சொட்டும் தேனைவிட இனிப்பானது, மனிதர் நெஞ்சில் புகைபோல் பெருகுவது என்று 18ஆம் காண்டத்தில் சொல்கிறான். எப்போதும் கோபக்காரன் என்று பெயரெடுத்த மகனிடம், அல்லது தகப்பனிடம், "உங்கள் கோபமும் இனிக்கிறதா?" என்று கேட்க அந்த ஒரு வரி இடம் கொடுக்கிறது. நேராகக் கேட்டால் அடிக்க வருவார். அக்கிலிஸை முன்னிறுத்திக் கேட்டால் யோசிப்பார்.

இலியடின் முதற்காண்டத்திலேயே, குடும்ப ஆலோசகர் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு வீட்டுக்காட்சி இருக்கிறது. தேவர்கள் வாழும் ஒலிம்பஸில் அவர்களின் அரசன் ஜீயஸும் மனைவி ஹீராவும் சண்டையிடுகிறார்கள், கை நீளும் என்று ஜீயஸ் மிரட்டியதும் ஹீரா வாயடைத்து உட்கார்கிறாள், விருந்துக்கூடம் உறைந்துபோகிறது. அப்போது எழுந்து வருபவன் அவர்களுடைய கால் ஊனமுற்ற மகன் ஹெபேஸ்டஸ். முன்பொருமுறை அம்மாவுக்காகப் பரிந்துபோனபோது அப்பா தன் காலைப் பிடித்து வீசியெறிந்ததையும், பகல் முழுதும் வானத்திலிருந்து விழுந்து லெம்னோஸ் தீவில் குற்றுயிராகக் கிடந்ததையும் தாய்க்கு நினைவூட்டி, விட்டுக்கொடுத்துவிடும்படி கெஞ்சுகிறான், பிறகு கிண்ணங்களை நிரப்பிக்கொண்டு விந்தி விந்தி ஓடுகிறான், தேவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், சண்டை தணிகிறது. இருவருக்கிடையே இறுக்கம் கூடும்போது மூன்றாமவர் உள்ளே இழுக்கப்படுகிறார் என்று அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் முக்கோணம் வரைந்து விளக்கியது இதைத்தான். வீட்டில் கோமாளி வேடம் போடும் பிள்ளை எதை விலையாகக் கொடுத்து அந்தச் சிரிப்பை வாங்குகிறது என்பதை, பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலே இந்தக் காட்சியால் காட்ட முடியும். தேவர்களின் வீடாயிற்றே, தாராளமாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியது ஆலோசகரின் வேலை.

ஆறாம் காண்டத்தில் டிராயின் இளவரசன் ஹெக்டர் தன் மனைவி ஆண்ட்ரோமக்கியைக் கோட்டைவாயிலில் சந்திக்கும் இடம் பலரும் அறிந்தது. தந்தையையும் ஏழு சகோதரர்களையும் அக்கிலிஸிடம் பறிகொடுத்தவள் அவள். எனக்குத் தந்தை, தாய், சகோதரன், கணவன் எல்லாமே நீதான் என்கிறாள். இவ்வளவு பாரத்தை ஒருவன் தலையில் ஏற்றும் குடும்பங்களை ஆலோசகர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். ஆனாலும் இங்கே என் கண் போவது தலைக்கவசத்தின்மேல்தான். ஹெக்டர் குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். வெண்கலத்தையும் உச்சியில் ஆடும் குதிரைமயிர்க் குஞ்சத்தையும் பார்த்துக் குழந்தை வீரிட்டுச் செவிலியின் மார்பில் முகம் புதைக்கிறது. தாயும் தந்தையும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி முத்தமிடுகிறான். வேலையிலிருந்து திரும்பும் தகப்பன் எதைத் தலையில் அணிந்தபடியே வீட்டுக்குள் நுழைகிறார் என்று கேட்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது. எட்டு வயதுப் பிள்ளையும் பதில் சொல்லிவிடும்.

கதை சொல்லி ஒருவரை மாற்ற முடியுமா என்ற கேள்வியையும் இலியடே எழுப்பிப் பார்க்கிறது. ஒன்பதாம் காண்டத்தில், சினந்து விலகியிருக்கும் அக்கிலிஸைப் போருக்குத் திரும்ப அழைக்கத் தூது வந்த மூவரில் ஒருவர் முதியவர் ஃபீனிக்ஸ். அக்கிலிஸைக் குழந்தையிலிருந்து வளர்த்தவர். மடியில் வைத்து இறைச்சியைத் துண்டுதுண்டாக்கி ஊட்டியதையும், குழந்தை மதுவைத் தன் மேலாடையில் கக்கியதையும் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார். தன் தந்தையோடு தனக்கு வந்த பகையைச் சொல்கிறார். பிறகு, கோபித்துக்கொண்டு அறைக்குள் படுத்துவிட்ட மெலியேகர், பெரியோர், தந்தை, சகோதரிகள், தாய் என எவர் அழைத்தும் எழாமல் கடைசியில் மனைவி அழுதபின் எழுந்த கதையைச் சொல்கிறார். கதை வென்றதா? அக்கிலிஸ் போருக்கு வரவில்லை. ஆனால் முதலில் பேசிய ஒடிசியஸிடம் நாளையே கப்பலேறுவேன் என்றவன், ஃபீனிக்ஸின் கதைக்குப்பின் போவதா இருப்பதா என்று விடிந்ததும் யோசிப்போம் என்கிறான். மூன்றாவதாக அஜாக்ஸ் பேசியபின், ஹெக்டர் என் கப்பல்களை நெருங்கும்வரை போரிடமாட்டேன் என்கிறான். மறுப்பு மறுப்பாகவே இருக்கிறது, அதன் உருவம் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது. ஓர் அமர்வில் கதை சாதிக்கக்கூடியது பெரும்பாலும் இந்த அளவுதான். அதைத் தோல்வி என்று குறித்துக்கொள்ளும் ஆலோசகர் இந்தக் காண்டத்தை மறுபடி படிப்பது நல்லது.

இலியடின் ஆபத்து அதன் கடைசிக் காண்டத்தைப் புரிந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு மன்னன் பிரயாம் இரவில் எதிரி அக்கிலிஸின் பாசறைக்குப் போய், தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துப்பார் என்கிறான். இருவரும் அழுகிறார்கள். இதை மன்னிப்பின் உச்சம் என்று எடுத்துக்கொண்டு, மன்னிக்க மனமில்லாத ஒருவருக்குப் பாடமாகக் காட்டுவது பெரிய தவறு. காவியம் அப்படிச் சொல்லவே இல்லை. உடலை உடனே கொடு என்று பிரயாம் அவசரப்படுத்தியதும் அக்கிலிஸ் சீறுகிறான். ஹெக்டரின் உடலைப் பிரயாம் கண்ணில் படாத இடத்தில் வைத்துக் கழுவச் சொல்கிறான், அவர் பார்த்துக் கொதித்தால் தானும் கொதித்துக் கொன்றுவிடுவோமோ என்ற அச்சத்தில். அதன் பிறகுதான், 12 பிள்ளைகளை இழந்த நயோபிகூடச் சாப்பாட்டை நினைத்தாள் என்று சொல்லி முதியவரை உண்ணவைக்கிறான். ஒன்பது நாள் அழுகை, பத்தாம் நாள் ஈமக்கடன், பதினோராம் நாள் மேடு எழுப்புதல், பன்னிரண்டாம் நாள் வேண்டுமானால் மீண்டும் போர் என்று கணக்குப் பேசிப் பிரிகிறார்கள். உடன்பாடு அவ்வளவுதான். மணமுறிவுக்குப்பின் பிள்ளையின் தேர்வுக்காகவோ ஒரு மரணச் சடங்குக்காகவோ சில நாள் ஒரே கூரையின்கீழ் இருக்கவேண்டிய இருவருக்கு, சமாதானத்தைக் கேட்காமல் நாட்களை மட்டும் எண்ணிக்கொடுக்கும் இந்த ஏற்பாடு மிகப் பொருத்தமானது.

ஒடிசியின் நோவு வேறு. அது சத்தமில்லாதது. 20 ஆண்டுகளாக வீட்டில் இல்லாத ஒடிசியஸ் இறந்தானா இருக்கிறானா என்று தெரியாமல் ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு கிழத்தந்தை காத்திருக்கிறார்கள். தாய் ஏக்கத்திலேயே இறந்துவிட்டாள். வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த பாலின் பாஸ் 1970களில் இத்தகைய இழப்புக்குத் தனிப் பெயரே வைத்தார். தமிழில் முடிவு தெரியாத இழப்பு என்று சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் அவர் இடம் காலியாகவும் இல்லை. யாரும் அழுது முடிக்க முடியாது, யாரும் அந்த நாற்காலியில் உட்காரவும் முடியாது.

ஒடிசியின் முதற்காண்டத்தில் ஒரு கூடம் வருகிறது. பாடகன் ஃபீமியஸ், டிராயிலிருந்து கிரேக்கர்கள் பட்ட துயரத்தோடு திரும்பிய கதையைப் பாடிக்கொண்டிருக்கிறான். மாடியில் இருந்த ஒடிசியஸின் மனைவி பெனலோப்பிக்கு அது கேட்கிறது. படியிறங்கி வந்து, என் நெஞ்சை அறுக்கும் இந்தப் பாட்டை நிறுத்து, வேறு பாடு என்கிறாள். மகன் டெலிமாக்கஸ் குறுக்கிட்டு, பாடகனைத் தடுக்காதே, நீ மேலே போய் உன் தறியைப் பார், இந்த வீட்டில் அதிகாரம் என்னுடையது என்கிறான். அவள் திகைத்துத் திரும்பிப் போகிறாள். ஒரு வீட்டில் எந்தக் கதை பேசப்படலாம், எது பேசப்படக்கூடாது, அதை யார் முடிவு செய்வது என்ற சண்டை இங்கே முழுதாக நடந்துவிடுகிறது. அப்பாவைப் பற்றிப் பேசாதே என்று ஒருவரும், பேசியே தீரவேண்டும் என்று மற்றவரும் நிற்கும் வீடுகளில், இரு தரப்பும் ஒரே துயரத்தைத்தான் காப்பாற்றுகின்றன என்பதை எடுத்துக்காட்ட இந்தச் சில பத்து அடிகள் போதும்.

டெலிமாக்கஸ் பகுதி தனியாகவும் பயன்படக்கூடியது. முதல் நான்கு காண்டங்கள் அவனுடையவை. தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்கிய ஒரெஸ்டஸைப் பார், எவ்வளவு புகழ் என்று பெண்தெய்வம் அதீனாவும் முதிய அரசன் நெஸ்டரும் மாற்றி மாற்றி அவனிடம் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார் என்ற பல்லவி எந்த நூற்றாண்டிலும் ஓயாது போலும். 21ஆம் காண்டத்தில் தந்தையின் வில்லை நாணேற்ற அவன் மூன்று முறை முயன்று தோற்கிறான். நான்காம் முறை ஏற்றியே இருப்பான், ஆனால் பிச்சைக்காரன் வேடத்தில் நிற்கும் தந்தை தலையசைத்துத் தடுக்கிறான். 23ஆம் காண்டத்தில், திரும்பி வந்த கணவனை நம்பாமல் பெனலோப்பி எட்டி உட்கார்ந்திருக்கும்போது, உன் மனம் கல்லைவிடக் கடினம் என்று மகன் கடிந்துகொள்கிறான். எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த அடையாளங்கள் உண்டு என்று தாய் பதில் சொல்கிறாள். ஒடிசியஸ் புன்னகைத்து, அம்மா என்னைச் சோதிக்கட்டும், விடு என்கிறான். முதற்காண்டத்தில் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து அம்மாவை ஏவிய பிள்ளை, இங்கே மீண்டும் பிள்ளையாக்கப்படுகிறான். கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடையே இருக்கவேண்டிய எல்லைக்கோட்டைப் பற்றி சால்வடோர் மினுச்சின் தன் கட்டமைப்புவழிக் குடும்பச் சிகிச்சையில் வலியுறுத்தியதை, அவமானப்படுத்தாமல் ஒரு புன்னகையால் செய்துகாட்டும் காட்சி இது.

தம்பதியருக்கு நான்காம் காண்டத்தைப் பரிந்துரைப்பேன். ஸ்பார்ட்டாவில் விருந்தின்போது எல்லோரும் அழத் தொடங்க, முன்பு கணவனைவிட்டு டிராய்க்குப் போயிருந்த ஹெலன் துயரை மறக்கடிக்கும் மருந்தொன்றை மதுவில் கலந்துவிட்டு, டிராயில் ஒடிசியஸுக்குத் தான் உதவியதாக ஒரு கதை சொல்கிறாள். நன்றாகச் சொன்னாய் என்று பாராட்டிவிட்டுக் கணவன் மெனலாஸ் இன்னொரு கதை சொல்கிறான். அதில் இதே ஹெலன் மரக்குதிரையைச் சுற்றிவந்து, உள்ளே ஒளிந்திருந்தவர்களை அவரவர் மனைவியர் குரலில் அழைத்துக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறாள். ஒரே பழங்காலம், இரண்டு கதைகள், குரல் உயராத பேச்சு, நடுவில் மருந்து. விருந்தாளி டெலிமாக்கஸ் தூங்கப் போகிறேன் என்று எழுந்துவிடுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது.

ஆபத்துகளும் ஒடிசியில் அதிகம். வீடு திரும்பிய நாயகன், தன் மனைவியை மணக்கக் கோரி வீட்டில் கூடியிருந்த 108 பேரைக் கொன்று குவிக்கிறான்; 12 பணிப்பெண்கள் தூக்கிலிடப்படுகிறார்கள், அதைச் செய்விப்பவன் டெலிமாக்கஸ். அடிதடி நடந்த வீட்டில் இதைச் சொல்லக்கூடாது. சொல்லாமல் மறைத்து நாயகனைப் புனிதனாக்குவதும் கூடாது. ஆகவே அத்தகைய குடும்பத்துக்கு ஒடிசியே வேண்டாம் என்பது என் முடிவு. இன்னொரு கட்டுப்பாடு இதைவிட முக்கியமானது. ஒடிசியஸ் திரும்பிவிடுகிறான். திரும்பாதவர்களின் வீட்டில் இந்த முடிவைச் சொல்வது கொடுமை. இலங்கையின் வடக்கு கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளிடம் பணிபுரியும் ஒருவர் ஒடிசியை எடுத்தால் முதற்காண்டக் கூடத்தோடும் 14ஆம் காண்டத்தின் ஒரு சிறு பகுதியோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே பன்றி மேய்க்கும் யூமையஸ் சொல்கிறான்: ஊர் சுற்றிகள் சோற்றுக்கும் ஆடைக்குமாக வந்து ஒடிசியஸைக் கண்டதாகப் பொய் சொல்வார்கள், பெனலோப்பியும் உபசரித்து உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டு அழுவாள். காணாமற்போனவரைப் பற்றிய பொய்ச்செய்திக்குக் காசு கொடுத்து ஏமாந்த குடும்பங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

போரிலிருந்து திரும்பியவர்கள் விஷயத்தில் இந்த ஒப்பீட்டை முன்பே செய்துபார்த்தவர் பாஸ்டனில் முன்னாள் படைவீரர்களுக்கான வெளிநோயாளர் மருத்துவ மையத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜொனதன் ஷே. 1994இல் வெளிவந்த தம் முதல் நூலில் வியட்நாம் வீரர்களின் போர்க்கள அனுபவத்தை இலியடோடும், 2002இல் வெளிவந்த இரண்டாம் நூலில் அவர்கள் வீடு திரும்பிய அனுபவத்தை ஒடிசியோடும் வைத்துப் படித்தார். களத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்ற அந்தப் பிரிவினை பொதுவாகச் சரி. குடும்ப ஆலோசகரோ இலியடிலும் வீட்டைத்தான் தேடவேண்டும். கவசத்தைக் கழற்றும் ஹெக்டரும் கிண்ணம் ஏந்தி ஓடும் ஹெபேஸ்டஸும் போர்க்களத்தில் இல்லை.

கம்பனும் இளங்கோவும் இருக்க ஹோமர் எதற்கு என்று தமிழ் வாசகர் கேட்பது நியாயம். சீதை, கண்ணகி என்ற பெயர்கள் நம் வீட்டுக்குள் வரும்போதே தீர்ப்போடு வருகின்றன. மாமியார் மருமகளைப் பார்க்கும் பார்வையில் அந்தத் தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். பெனலோப்பியைப் பற்றி நம் பாட்டிமார் யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அந்த அந்நியத்தன்மை இங்கே ஒரு சௌகரியம்.

எப்படிக் கொடுப்பது என்பதில் நீண்ட தயக்கம் தேவையில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் ஜெயிப்பார், மற்றவர் தோற்பார். நடித்துப் பார்க்கச் சொன்னால் கூச்சம் தின்றுவிடும். வாயால் சொல்வதே மேல். 1930களில் யூகோஸ்லாவியாவில் காவியம் பாடும் எழுத்தறிவில்லாத பாடகர்களைப் பதிவுசெய்த மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும், இத்தகைய பாடல்கள் ஒவ்வொரு முறையும் பாடும்போதே புதிதாகக் கட்டப்படுகின்றன, கேட்பவரைப் பொறுத்து நீள்கின்றன, சுருங்குகின்றன என்று காட்டினார்கள். எனவே சுருக்கிச் சொல்கிறோமே என்று ஆலோசகர் கூச வேண்டாம். சொல்லும்போது எங்கே பார்க்கவேண்டும் என்பதற்கு ஒடிசியின் எட்டாம் காண்டம் வழிகாட்டுகிறது. பார்வையற்ற பாடகன் டெமோடோகஸ் டிராய்ப் போரைப் பாட, அடையாளம் சொல்லாத விருந்தாளியான ஒடிசியஸ் மேலாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். கூடத்தில் எவரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரசன் அல்கினூஸ் மட்டும் பெருமூச்சைக் கேட்டுவிட்டு, காரணம் கேட்காமல், பாட்டு போதும், விளையாடப் போவோம் என்று எல்லோரையும் எழுப்புகிறான். இரண்டாம் முறை அழும்போதுதான் நீ யார் என்று கேட்கிறான். கதை சொல்பவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் ஒருவராகவே இருக்கும்போது இந்த வேலை கடினம். முடிந்தால் அறையில் இரண்டு ஆலோசகர்கள் இருக்கட்டும்.

ஆக, வெளிப்படையான சண்டையும் உறுதியாகத் தெரிந்த மரணமும் உள்ள வீட்டுக்கு இலியட்; ஆள் விலகிப்போன, அல்லது நெடுங்காலம் விலகியிருந்து திரும்பிய வீட்டுக்கு ஒடிசி. வெளிநாட்டு வேலை, சிறை, நீண்ட நோய், குடி என்று எந்தக் காரணத்தாலோ பல ஆண்டுகள் இல்லாமலிருந்தவர் திரும்பிய குடும்பத்துக்கு, பலரும் முதலில் பாயும் ஒற்றைக்கண் அரக்கனையும் பாடி மயக்கும் சைரன்களையும் விட்டுவிட்டு, நான் 24ஆம் காண்டத்தின் பழத்தோட்டத்தைத்தான் எடுப்பேன்.

கந்தல் உடையில் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கும் தந்தை லேயர்ட்டீஸிடம் ஒடிசியஸ் முதலில் வேற்றாள்போல் ஒரு பொய்க்கதை சொல்கிறான். எதற்கென்று தெரியவில்லை, இத்தனை நாள் பொய்யால் பிழைத்தவனுக்கு அது கைப்பழக்கமாகிவிட்டிருக்கலாம். கிழவர் புழுதியை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு அழுததும் தாங்கமாட்டாமல் உண்மையைச் சொல்கிறான். அவர் அடையாளம் கேட்கிறார். தொடையில் உள்ள தழும்பைக் காட்டிவிட்டு மரங்களுக்கு வருகிறான்: சிறுவனாக உங்கள் பின்னாலேயே இந்தத் தோட்டத்தில் நடந்துவந்து ஒவ்வொன்றின் பெயரும் கேட்டேன், நீங்கள் சொன்னீர்கள், எனக்கென்று கொடுத்தீர்கள், 13 பேரி மரங்கள், 10 ஆப்பிள் மரங்கள், 40 அத்தி மரங்கள், 50 வரிசைத் திராட்சைக் கொடிகள். இதைக் கேட்டதும் லேயர்ட்டீஸுக்கு முழங்கால் தளர்கிறது. அவர் மகனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பாகவே சொல்பவர் நிறுத்திவிட்டு, திரும்பி வந்தவரிடம் பேசாமல், வீட்டிலேயே இருந்தவர்களிடம் திரும்பி, அவர் போவதற்கு முன் இந்த வீட்டில் அவர் எண்ணி வைத்திருந்தது எது என்று கேட்கலாம்.